எம்.எம். 540 ஜீப்பில் புதிய கியர்பாக்ஸ் மவுண்டிங்: தகடு கனமாக இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி இதுதான். எம்.எம். 540 ஜீப் ஒன்றில் பியூஜோ வடிவமைப்பில் வந்த பழைய 2,112 சி.சி. டீசல் எஞ்சினையும் நான்கு கியர் பெட்டியையும் இறக்கிவிட்டு, பொலேரோவின் டீசல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் டிரான்ஸ்ஃபர் கேஸுடன் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஏற்றியிருக்கிறீர்கள். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, ஆனால் புதிய கியர்பாக்ஸின் பின்பகுதி, பழைய குறுக்குச் சட்டம் இருந்த இடத்துக்கு நேராக வரவில்லை. 75 மி.மீ. அகலமும் 10 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டு, இரு முனைகளையும் சேசிஸில் நேரடியாக வெல்ட் செய்து, அதன் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு ரப்பர் வைத்து கியர்பாக்ஸைத் தாங்கிவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். இது கொழுக்குமலை போன்ற கரடுமுரடான மலைப்பாதையில் நிற்குமா என்று கேட்கிறீர்கள்.

நிற்காது என்பது என் கருத்து. பட்டறைக்காரரின் மூன்று யோசனைகளில் பட்டையும் வெல்டிங்கும் வெறும் பலவீனங்கள். அவற்றைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். ஓரத்துக்கு ஒரு ரப்பர் என்ற யோசனைதான் ஆபத்தானது, ஏனெனில் அது உடைக்கப்போவது மவுண்டிங் என்னும் இந்தத் தாங்கலை அல்ல, கியர்பாக்ஸின் அலுமினிய உறையை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜீப்பின் சேசிஸ் பெரும்பகுதி ‘சி’ வடிவச் சானலால் ஆனது. மேலிருந்து கீழாக வரும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். ஆனால் முன்சக்கரம் ஒன்று பாறைமேலும், எதிர்ப்புறப் பின்சக்கரம் இன்னொரு பாறைமேலும் ஏறும்போது, துணியைப் பிழிவதைப்போல முறுக்கிக்கொள்ளும். இதைக் குறை என்று சொல்ல முடியாது. நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பிடித்திருப்பதில் அந்த நெகிழ்வுக்கும் பங்கு உண்டு. இப்போது எஞ்சின் மவுண்டிங் இருக்கும் இடத்துக்கும் கியர்பாக்ஸ் மவுண்டிங் இருக்கும் இடத்துக்கும் இடையே சேசிஸ் 2 பாகை முறுக்கிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பின்னால் உள்ள இரண்டு ரப்பர்களும் 600 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ஒன்றைவிட மற்றொன்று 21 மி.மீ. உயர்ந்துவிடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் போல்ட் போட்டு இறுக்கிய ஒரே இறுகிய உடல், அது முறுக்கிக்கொள்ளாது. 21 மி.மீ. அமுங்கும் ரப்பரும் சந்தையில் கிடையாது. மிச்சமிருக்கும் ஒரே வழி, உறையின் காது (போல்ட் பிடிக்கும் துருத்தல்) உடைவது அல்லது பெல் ஹவுசிங்கில் (எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் மணி வடிவ உறை) விரிசல் விழுவது. அதே இரண்டு தாங்கல் புள்ளிகளும் 100 மி.மீ. இடைவெளிக்குள் நெருங்கியிருந்தால் உயர வேறுபாடு மூன்றரை மி.மீ. மட்டுமே, அதைச் சாதாரண ரப்பர் எளிதாக விழுங்கிவிடும்.

முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்ற மூன்று புள்ளித் தாங்கல் இக்காரணத்தால்தான் இந்த வகை வண்டிகளில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1941 முதல் 1945 வரை உற்பத்தியான வில்லிஸ் எம்.பி. ஜீப்பிலேயே எஞ்சினின் முன்புறம் இரண்டு ரப்பர்களும் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்றும்தான் இருந்தன. முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும், நாற்காலி ஆடும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. நீங்கள் செய்யப்போகும் மவுண்டிங், அந்த மூன்றாவது காலாக இருக்க வேண்டும். நான்காவது கால் ஒன்றை உண்டாக்கக் கூடாது.

பட்டறைக்காரர் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார். அது நியாயமான மறுப்புதான். லோ ரேஞ்சில், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் நிலையில், ஏற்றம் ஏறும்போது கியர்பாக்ஸ் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு எழும்பப் பார்க்குமே, அதை யார் பிடிப்பது என்பார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எஞ்சினின் முறுக்குவிசை 180 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 4, பழைய டேனா 18 டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்சைப்போல 2.46 என்று எடுத்துக்கொண்டால், புரொப்பெல்லர் ஷாஃப்டுகளுக்கு (ஆக்சில்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டுகள்) போவது ஏறத்தாழ 1,770 நியூட்டன் மீட்டர். மவுண்டிங்குகள் எதிர்த்துப் பிடிக்க வேண்டியதும் இந்த 1,770தான். எஞ்சினின் 180 அல்ல. இதை மறந்துவிட்டு, எஞ்சின் முறுக்குவிசையை மட்டும் பார்த்து ரப்பர் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். ஆனால் இதைப் பிடிக்க வேண்டிய இடம் எஞ்சினின் இரு பக்க மவுண்டிங்குகளே. அவற்றின் இடைவெளி அரை மீட்டர் என்றால், ஒரு பக்கம் சுமார் 360 கிலோ அளவுக்குக் கீழே அழுத்தும், மறுபக்கம் அதே அளவுக்கு மேலே இழுக்கும். எஞ்சினின் பாரம் அந்த மேலிழுப்பில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும்.

எனவே பின்மவுண்டிங்கில் கைவைக்கும் முன், எஞ்சின் மவுண்டிங்குகளை ஒருமுறை பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்ட ரப்பர் மட்டும் இருந்து, அது பிய்ந்தால் எஞ்சின் தாராளமாக எழும்பிவிடும் என்ற அமைப்பாக இருந்தால், முதலில் அதை மாற்ற வேண்டும். ரப்பர் அமுக்கத்தையும் பக்கவாட்டுத் தள்ளலையும் நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ரப்பர் கிழிந்தாலும் உலோகம் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பே காட்டுப்பாதைக்கு ஏற்றது. பட்டறைக்காரரின் அச்சம் முழுவதும் தீர வேண்டுமென்றால், கியர்பாக்ஸின் ஒரு பக்கத்தில் 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு தடுப்பு ரப்பரைச் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரண ஓட்டத்தில் அது எதையும் தொடாது. மிதமிஞ்சித் திருகும்போது மட்டும் முட்டி நிறுத்தும்.

அடுத்தது, எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் கியர்பாக்ஸ் உட்கார வேண்டும் என்பது. மவுண்டிங் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். இரும்பு வெட்டுவது மிச்சம். பலர் கியர்பாக்ஸை ஜாக்கியில் தூக்கி, ஃபுளோரில் இடிக்காத ஓர் உயரத்தில் நிறுத்தி, இரும்புக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதற்கேற்ப வெட்டிவிடுகிறார்கள். அந்த உயரம்தான் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தைத் தீர்மானிக்கிறது என்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கை அதிரும்போதுதான் நினைவுக்கு வரும்.

ஜீப்பின் வீல்பேஸ் சிறியது. கியர்பாக்ஸ் நீண்டால் பின்ஷாஃப்ட் குறுகும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாய் (பின்ஷாஃப்ட் மாட்டும் முனை), ஆக்சிலின் பினியனைவிட (ஷாஃப்டின் மறுமுனை மாட்டும் பல்சக்கரத் தண்டு) 150 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, கிடைமட்டத் தூரம் 700 மி.மீ. என்று கொள்ளுங்கள், ஷாஃப்டின் சாய்வு 12 பாகை. புதிய பெட்டி 100 மி.மீ. நீண்டு தூரம் 600 ஆகிவிட்டால், அதே உயரத்தில் சாய்வு 14 பாகை. பெட்டியை 25 மி.மீ. இறக்கினால் மீண்டும் ஏறத்தாழ 12-க்கு வந்துவிடும். எஞ்சின் மவுண்டிங்கிலிருந்து பின்மவுண்டிங் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், அந்த 25 மி.மீ. இறக்கம் முழு எஞ்சினையும் 1.4 பாகை கூடுதலாகப் பின்னோக்கிச் சாய்க்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயும் அவ்வளவு கீழ்நோக்கும். பின்ஷாஃப்டின் முன்முனை ஜாயிண்டுக்கு இது இரட்டை லாபம். இழப்பு, வயிற்றுப்பகுதியில் 25 மி.மீ. தரை இடைவெளி, கூடவே ரேடியேட்டர் விசிறி உறைக்கும் விசிறிக்கும் இடையே உள்ள ஒழுங்கும் மாறும். அமெரிக்காவில் உயரம் கூட்டிய ஜீப் ராங்லர் டி.ஜே. வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸை ஓர் அங்குலம் இறக்குவதற்கென்றே துண்டுக் குழாய்கள் விற்கிறார்கள். அதன் பொருள் இந்தக் கணக்குதான்.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட் (கோணத்தில் மடங்கியபடியே சுழலும் இணைப்பு) இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸின் வாயும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வேறுபாடு ஒரு பாகைக்குள் அடங்க வேண்டும். வாய் 4 பாகை கீழ்நோக்கினால் பினியன் 4 பாகை மேல்நோக்க வேண்டும். அப்போதுதான் ஒரு ஜாயிண்ட் உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை மற்றது அழிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயிண்ட் போட்டிருந்தால் விதி வேறு: பினியன் நேராக ஷாஃப்டை நோக்க வேண்டும், முடுக்கும்போது லீஃப் ஸ்பிரிங் வளைந்து பினியனின் மூக்கு மேலே எழும்பும் என்பதால், நிற்கும் நிலையில் ஒன்று அல்லது இரண்டு பாகை தாழ்த்தி வைப்பது வழக்கம். பினியனைத் திருத்த, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். இரும்பு ஆப்பாக இருக்கட்டும், அலுமினிய ஆப்பு அடிபட்டு நசுங்கும்.

மேலிருந்து பார்க்கும்போது உள்ள கோணத்தையும் அளக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், ஆக்சிலின் டிஃபரன்ஷியலும் அதற்கேற்ப ஒதுங்கியிருக்கும். நீங்கள் ஏற்றியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வாய் நடுவில் இருந்து, ஆக்சில் மட்டும் பழையதாக இருந்தால், பக்கவாட்டில் ஒரு கோணம் சேர்ந்துகொள்ளும். மேல்கீழாக 3 பாகையும் பக்கவாட்டில் 4 பாகையும் இருந்தால் ஜாயிண்ட் உண்மையில் வேலை செய்வது 5 பாகையில்.

இந்த அளவுகளை எடுக்கும்போது வண்டி சமதரையில், நான்கு சக்கரங்களின் மேலும் தன் முழு எடையோடு நிற்க வேண்டும். சேசிஸை ஸ்டாண்டில் தூக்கிவைத்து ஆக்சில் தொங்கும் நிலையில் எடுத்த கோணம் எதற்கும் உதவாது. கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து பாட்டில் ஜாக்கியால் தாங்குங்கள். தனி ஜாக்கியை நம்பி அடியில் படுக்க வேண்டாம், பக்கத்தில் ஸ்டாண்டும் இருக்கட்டும். ஃபுளோருக்கும் பெட்டிக்கும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி போதும். கிளச் ஃபோர்க் முழுவதும் அசைகிறதா, கியர் லீவர் எல்லாக் கியரிலும் ஓட்டையின் விளிம்பைத் தொடாமல் போகிறதா, சைலன்சர் குழாய் ரப்பருக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். குழாய் நெருங்கினால் இடையே தகட்டு மறைப்பு ஒன்று தேவை. சூட்டில் ரப்பர் முதலில் இறுகும், பிறகு வெடிக்கும். இதையெல்லாம் சரிபார்த்த பின், அந்த நிலையிலேயே பெட்டியைப் பூட்டிவைத்துக்கொண்டு இரும்பை நினைக்கலாம்.

இரும்புக்கு முன்னால் ரப்பர். கையில் கிடைத்த இரும்புக்கு ஏற்ற ரப்பரைத் தேடுவதைவிட, எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் ரப்பர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி இரும்பை வடிவமைப்பதே நல்லது. உங்கள் பெட்டிக்குக் கம்பெனியே கொடுத்த ரப்பர் இருந்தால் அதுதான் முதல் தெரிவு. அதன் விறைப்பு அந்தப் பெட்டியின் எடைக்கென்றே கணிக்கப்பட்டது. அது பொருந்தவில்லை என்றால் லீஃப் ஸ்பிரிங் கண்ணில் போடும் புஷ் (உருளை வடிவ ரப்பர்) வகையைப் பயன்படுத்தலாம்: குழாய்க்குள் புஷ், அதன் நடுவே போல்ட். இந்த அமைப்பில் ரப்பர் முழுவதும் அழிந்தாலும் பெட்டி கீழே விழாது. புஷ்ஷின் அச்சு வண்டியின் நீளவாக்கில் இருக்கட்டும். அப்படி இருந்தால் பெட்டி இடம்வலமாகத் திருகுவதற்குப் புஷ் வழிவிடும். மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் இறுக்கிப் பிடிக்கும். முன்பின் அசைவுக்கு இரு பக்கமும் அகலமான வாஷர் வைத்து எல்லை கட்டிவிடலாம்.

முன்பின் அசைவை அலட்சியம் செய்யக் கூடாது. திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும், பாறையில் முட்டி நிற்கும்போதும் முழு எஞ்சினும் முன்னோக்கிப் பாயப் பார்க்கும்; விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடும். வில்லிஸ் ஜீப்பில் இதற்கென்றே எஞ்சினைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பிவடம் ஒன்று இருந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் பல்வரி இணைப்பு) பாரத்தில் இறுகிக்கொண்டால், நீள முடியாத ஷாஃப்ட் பெட்டியையே முன்னும் பின்னும் தள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும். அதற்கு மருந்து மவுண்டிங்கில் இல்லை, ஸ்பிளைனில் கிரீஸ் வைப்பதில் இருக்கிறது.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரப்பர் மவுண்டிங்குகளைவிட அது மிகவும் கடினமானது. எண்ணெய் பட்டாலும் கெடாது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் டீசல் எஞ்சினின் அதிர்வை அப்படியே சேசிஸுக்குக் கொடுத்துவிடும். நிரந்தரமாக நெரிசலில் ஐட்லிங் செய்யும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சினில் ரப்பரும் பின்னால் பாலியூரித்தேனும் என்று கலப்பது இன்னும் மோசம்: எஞ்சின் அசைய, பெட்டி அசையாமல் நிற்க, பாரம் மறுபடியும் உறையின் காதில்தான் வந்து சேரும்.

இப்போது அந்த 10 மி.மீ. பட்டை. குறுக்குச் சட்டத்தின் நீளம் 700 மி.மீ., பின்மவுண்டிங்கில் விழும் எடை 100 கிலோ, குழியில் வண்டி தொப்பென்று விழும்போது அது ஐந்து மடங்காகும் என்று கொண்டால், நடுவில் வரும் வளைவுத் திருப்பம் (சட்டத்தை வளைக்கப் பார்க்கும் விசை) ஏறத்தாழ 860 நியூட்டன் மீட்டர். 75-க்கு 10 பட்டையைப் படுக்கையாகப் போட்டால், அதில் எழும் தகைவு (இரும்பின் பரப்பில் எழும் உள்விசை) சதுர மி.மீ.க்கு 680 நியூட்டனைத் தாண்டும், ஐ.எஸ். 2062 தரத்து இ250 இரும்பு 250-லேயே வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். அதற்குப் பதிலாக 50-க்கு 50, சுவர் 4 மி.மீ. கொண்ட சதுரக் குழாய் போட்டால் தகைவு 82 மட்டுமே. வியப்பு என்னவென்றால் இரண்டின் எடையும் ஏறத்தாழ ஒன்றுதான், 700 மி.மீ. நீளத்துக்கு 4 கிலோ. அதே இரும்பு, எட்டு மடங்கு வலு. வண்டி பாறைமேல் வயிற்றை வைத்து உட்கார்ந்து, 1,500 கிலோ வண்டியின் பாதி எடை இந்தச் சட்டத்தின் நடுவில் விழுந்தால்கூட, குழாயில் தகைவு 125-ஐத் தாண்டாது. பட்டறையில் ‘கனமாகப் போட்டுவிட்டேன் சார்’ என்று சொல்லும்போது, கனத்தைவிட இரும்பு எந்த வடிவத்தில் நிற்கிறது என்று கேளுங்கள்.

குழாய் வாங்கும்போது கறுப்புக் குழாயாக வாங்குங்கள். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் நச்சுப்புகையாகும், இணைப்பில் ஓட்டைகளையும் விடும். ரப்பரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. தகடும், சேசிஸில் போல்ட் ஆகும் முனைத் தகடுகளுக்கும் அதே கனமும் போதுமானவை. முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு, பிறகு தகட்டில் குறிப்பது நேரத்தை வீணாக்குவதுபோல் தோன்றும். நான் அட்டையைத் தவிர்த்த ஒவ்வொரு முறையும் தகட்டை இருமுறை வெட்டியிருக்கிறேன்.

சட்டத்தைச் சேசிஸில் வெல்ட் செய்யக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். கிளச் தட்டு மாற்றும் நாளில் பெட்டியை இறக்க வேண்டும். வெல்ட் செய்த சட்டத்தைக் கிரைண்டரால்தான் அறுக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், முறுக்கிக்கொள்ளும் ‘சி’ சானலின் மேல்கீழ் இதழ்களில் குறுக்காக ஓடும் வெல்டிங், விரிசலுக்கு நாமே போட்டுக்கொடுக்கும் கோடு. ஆகவே சானலின் செங்குத்துச் சுவரில், பக்கத்துக்கு இரண்டு எம்12 போல்ட், 8.8 தரம், நைலான் பூட்டு நட்டுடன். 80 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கலாம். சேசிஸ் அந்த இடத்தில் பெட்டிபோல் மூடியிருந்தால், போல்ட்டைச் சுற்றி உள்ளே குழாய்த் துண்டு வைக்காமல் இறுக்காதீர்கள். சுவர் உள்வாங்கும், இறுக்கமும் நிற்காது. இருக்கும் ஓட்டைகளையே பயன்படுத்த நினைத்தால் அளந்து பாருங்கள். பழைய ஜீப்பில் பல இடங்களில் அங்குல அளவுதான். மூன்று நூல் ஓட்டையில், அதாவது 3/8 அங்குலத்தில், எம்10 போல்ட் போகாது, போகவைப்பதற்காகக் காஸ் வைத்து ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. ஓட்டைகள் எல்லாம் டிரில்லில் போட வேண்டும். பிராக்கெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் முன்பின்னாக 6 மி.மீ. நகரும்படி நீள் ஓட்டை விட்டால், பிறகு திருத்த இடமிருக்கும்.

பெட்டியின் பக்கம் போல்ட் போகும் இடம் அலுமினியம். எம்10 போல்ட் குறைந்தது 15 மி.மீ., முடிந்தால் 20 மி.மீ. உள்ளே பிடிக்க வேண்டும். ஆனால் ஓட்டையின் அடியில் முட்டும் அளவுக்கு நீளமான போல்ட்டை இறுக்கினால் உறை பிளக்கும். எனவே கம்பி விட்டு ஆழத்தை அளந்த பிறகே போல்ட் வாங்குங்கள்.

வெல்டிங்கில் மூன்று விஷயங்கள் சொல்வேன். வண்டியில் பொருத்திய நிலையில் டேக் (சிறு புள்ளி வெல்ட்) மட்டும் அடித்து, கழற்றி மேசைமேல் வைத்து முழு வெல்டிங் செய்யுங்கள்; அப்போது முனைத் தகடுகளை ஒரு கனமான சட்டத்தில் போல்ட் போட்டு வைத்தால், சூட்டில் இழுத்துக்கொண்டு ஓட்டைகள் தவறிப்போகாது. வண்டியில் டேக் அடிக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இரும்பிலேயே மாட்டுங்கள். கிளாம்பைக் கியர்பாக்ஸிலோ ஆக்சிலிலோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே ஓடி, உருளைகளில் புள்ளி விழும். சில மாதம் கழித்து வரும் அந்த ஊளைச் சத்தத்துக்கும் மவுண்டிங் வேலைக்கும் உள்ள தொடர்பை எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். என் நண்பரின் வண்டியில் ஒரு பட்டறை செய்த இந்தத் தவறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸையே பிரித்தோம். மூன்றாவது, 6 மி.மீ. தகட்டுக்கு 3.15 மி.மீ. கனமுள்ள 7018 வெல்டிங் ராடு ஏற்றது. ஆனால் அது ஈரம் பிடித்தால் பயனற்றது, திறந்த பெட்டியில் மழைக்காலம் முழுவதும் கிடந்த ராடு வேண்டாம். குழாயின் நடுப்பகுதியில் அடிப்புறம்தான் இழுவை அதிகம். அங்கே குறுக்காக வெல்டிங் போகாமல் பிராக்கெட்டைப் பக்கச் சுவர்களில் பிடிக்கவையுங்கள். இரு முனைகளிலும் அடியில் சிறு ஓட்டை இருந்தால் ஆற்றைக் கடந்த நீர் உள்ளே தங்காது.

எஞ்சின் மாற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. எஞ்சினுக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதலை வாங்கிப் பதிவுச் சான்றில் ஏற்றிவிடுங்கள்.

பொருத்தும்போது, புஷ்ஷின் நடுப்போல்ட்டைப் பெட்டியின் முழு எடையும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பின்பு ஃபுளோரின் அடிப்புறம், சட்டம், சைலன்சர் குழாய் ஆகியவற்றில் நெருக்கமான இடங்களில் சிறிது கிரீஸ் தடவிவிட்டு, பக்கத்துத் தெருவில் லோ ரேஞ்சில் முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை வண்டியை எடுத்து நிறுத்துங்கள். எது எதைத் தொட்டது என்று கிரீஸ் சொல்லிவிடும். முன்ஷாஃப்ட் சட்டத்தில் இடிக்கிறதா என்பதை, முன் ஆக்சிலைத் தொங்கவிட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும். சமதரையில் அது தெரியாது. 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

அதிர்வு வந்தால் உடனே மவுண்டிங்கைக் குறை சொல்ல வேண்டாம். நியூட்ரலில் நிற்கும்போதே, எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது மவுண்டிங்கின் விறைப்பு, அல்லது எங்கோ உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. வண்டியின் வேகத்தோடு வந்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டாலும் தொடர்ந்தால் அது ஷாஃப்ட். ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒருமுறை உதறினால் பாலன்ஸ் தவறியிருக்கிறது. இருமுறை உதறினால் ஜாயிண்டுகளின் கோணம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டாவது வகை வந்தால் லேத்துக்கு ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், மீண்டும் கோணமானியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். பெரும்பாலும் பின்மவுண்டிங்கின் கீழ் வைக்கும் 6 மி.மீ. தகட்டுத் துண்டோ, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே 2 பாகை ஆப்போதான் தேவைப்படும்.